ஒன்பது பேர்

பட்டறையில் வேலை பார்த்தது 14 பேர். வருகைப் பதிவேட்டில் இருந்தது 9 பேர். மாசாமாசம் அந்த 9 பேரை எழுதிக் கூட்டல் போட்டு, மொதலாளியிடம் கையெழுத்து வாங்கியவன் நான்தான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பாலிஷ் பட்டறை. பேர் வேண்டாம். மூணு வருசம் அங்கே கணக்கு எழுதினேன். குத்துவிளக்கு, அண்டா, தவலை, கோயில் மணி, பழைய சாமான் கடைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற களிம்பேறிய கதவுக் கைப்பிடி என்று எல்லாம் வரும். ஆசிட்டில் முக்கி, பஃப் (மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரம்) போட்டு, கேட்டவர்களுக்கு நிக்கல், குரோம் ஏற்றிக் கொடுப்போம். பாலிஷுக்குக் கூலி கிலோக் கணக்கு.

நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், "இந்தப் பட்டறைப் பசங்க கையுறை போடச் சொன்னாலும் போடமாட்டாங்க, அதான் அடிபடுது" என்று. அதைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அண்ணே, பஃப் மோட்டார் நிமிசத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். துணிக் கையுறையோடு அதன் பக்கத்தில் போனால், கையுறையைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். வெறுங்கையே மேல் என்று பசங்க சொன்னதில் விவரம் இருக்கிறது. கேட்க வேண்டியது சக்கரத்தின் மூடியை. எங்களிடம் மூடி இருந்தது. அண்டாவை உள்ளே திருப்ப முடியவில்லை என்று கழற்றி, அதில் பழைய ஆணிகளைப் போட்டு வைத்திருந்தோம்.

ஏன் 9? அப்போது அமலில் இருந்த 1948-ம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. அப்புறம் புகையை இழுக்க ஏற்பாடு வேண்டும், சக்கரத்துக்குத் தடுப்பு வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். 10 பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடும் வந்துவிடும். 9 என்றால் இது எதுவும் கிடையாது. (ஆள் குறைவாக இருந்தாலும் ஆபத்தான இடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர அரசுக்கு 85-வது பிரிவு அதிகாரம் கொடுத்திருந்தது. எங்கள் பட்டறை வரைக்கும் அது வந்து சேரவில்லை.) யாராவது பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தால் அஞ்சு பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் பேரேட்டில் "டீ, வடை - இதர செலவு" என்று ஒரு வரி எழுதுவேன்.

அந்த அஞ்சு பேரில் ஒருத்தர் ஆசிட் அண்ணன். எல்லாருக்கும் மூத்தவர். நான் சேரும்போதே நோட்டில் அவர் பேர் இல்லை. ஏன் இல்லை என்று நானும் கேட்கவில்லை.

ஆவணி முகூர்த்த நெருக்கடி. வெளியே மழை, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். தொட்டியில் வேகம் குறைந்துபோனதால் புது நைட்ரிக் ஆசிட்டை ஊற்றி, விளக்குகளை மொத்தமாக இறக்கினார். செங்கல் நிறத்தில் புகை கிளம்பி ஓடு வரைக்கும் ஏறியது. இருமிக்கொண்டே வெளியே வந்து, முகம் கழுவி, ரெண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் தின்றார். "ஒண்ணுமில்ல கணக்கப்பிள்ளை, தொண்டைதான் காந்துது." சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். அந்தப் புகையின் குணமே அதுதான். அப்போதைக்கு லேசான இருமல். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்து. ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் மகள் போன் பண்ணினாள்.

மதுரையில் 12 நாள். பிழைத்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் ஒரு குடம் தண்ணீர் தூக்கி அவரை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். நோட்டில் 14 என்று எழுதியிருந்தால் இருந்திருக்கும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லிருந்தே இருந்தது, கேட்டுப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அத்தாட்சி என் நோட்டு.

மொதலாளியைக் கொடுமைக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் பாதி கொடுத்தார். அவரே குரோம் தொட்டியில் பத்து வருசம் நின்றவர். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது அவர் மூக்கிலிருந்து சன்னமாக ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நடுத்தண்டு ஓட்டையாப் போச்சுப்பா. வலியே தெரியல." குரோமிக் ஆசிட் ஆவி செய்கிற வேலை. குரோம் புண், நைட்ரஸ் புகை நஞ்சு ரெண்டுமே தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொழில்நோய்களாக இருந்தன. ஒரே கூரைக்குக் கீழ் ரெண்டையும் பார்த்தாகிவிட்டது. யாருக்கும் தெரிவிக்கவில்லை. 9 பேர் இருக்கிற இடத்தில் எதைத் தெரிவிப்பது?

இதெல்லாம் எந்த ஊரில்? வெளியூரில் காரைக்குடி என்றால் கோழிக் குழம்பைக் கேட்பார்கள். முலாம் தொழிலில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், "செக்ரி இருக்கிற ஊரா?" என்பார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகம். நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலையில், தொழிற்சாலைச் சட்டம் வந்த அதே வருசம். முலாம் பூசுவதைப் பற்றித் தேசத்துக்கே ஆராய்ச்சி செய்கிறவர்கள் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. எங்கள் பட்டறையிலிருந்து ஒருத்தர்கூட அங்கே போய், இந்தப் புகைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டதில்லை. நானும் போகவில்லை. போனால் முதல் கேள்வியே "எத்தனை பேர் வேலை பார்க்கிறீங்க?" என்று வருமோ என்று பயம். அதே பயத்தில் கடன் கேட்டு பேங்குக்கும் போகவில்லை, சயனைடு டப்பாவை ஆசிட் கேனோடு ஒரே அலமாரியில் வைக்கலாமா என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கவும் இல்லை. ரெண்டும் கலந்தால் என்ன வாயு வரும் என்பது எனக்கு வேலையை விட்ட பிறகுதான் தெரியும். அலமாரிக்குப் பூட்டு உண்டு, நிக்கல் விலை அதிகம் என்பதால்.

இப்போது தொழிற்சாலைக் கணக்குக்காகப் பொய் எழுதத் தேவையில்லாமல் போகிறது. 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்து பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த புதுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் தொழிற்சாலை என்பதற்கான கணக்கு 10-லிருந்து 20 ஆகிவிட்டது. சின்னத் தொழிலுக்குச் சுமை குறையும் என்கிறார்கள். குறையும். எங்கள் 14 பேரும் இனி நோட்டில் தைரியமாக இருக்கலாம், ஈ.எஸ்.ஐ.க்கு இன்னும் 10 தான் என்பதை மறந்துவிட்டால். ஆசிட்டுக்கு மட்டும் இந்த எண்ணிக்கை தெரியாது.

போன மாசம் அக்கா மகள் கல்யாணத்துக்கு ரெண்டு குத்துவிளக்கு பாலிஷ் போட வேண்டியிருந்தது. அதே பட்டறைக்குத்தான் போனேன், வெட்கமாகத்தான் இருந்தது. என் நாற்காலியில் ஒரு சின்னப் பையன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று நானும் எல்லாரையும் போலவே சொன்னேன். அப்புறம், "இப்ப எத்தனை பேர் தம்பி வேலை பார்க்கிறாங்க?" என்றேன்.

"நோட்டுலயாண்ணே, ஆளாவா?"

ரெண்டையும் சொல்லு என்றேன். சிரித்துக்கொண்டே விளக்கை எடை போடப் போய்விட்டான்.