சென்சாரைச் சொன்னீங்க, வெயிலை விட்டுட்டீங்க

அண்ணாச்சி, உடம்புச் சூடு நகர்வதை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். மோஷன் சென்சாருக்கு மின்சாரம் கொஞ்சம்தான், பேட்டரி வருடக்கணக்கில் வரும்னு எழுதியிருக்கீங்க. கணக்கு சரிதான்: 60 மைக்ரோஆம்பியருக்கு 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி மூணே முக்கால் வருடம், காகிதத்தில். ஆனால் பேட்டரியைத் தின்பது, அசைவு தெரிந்ததும் தகவல் அனுப்ப சென்சார் எழுப்பிவிடும் வைஃபை சிப். முழிச்சாலே 70 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். களக்காடு பக்கம் வாழைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி வந்தால் தெரியட்டும்னு மாட்டிப் பாருங்க. ஆடிக் காற்றில் வெயில்பட்டுச் சூடான இலை அசைந்தாலே பகல் பூரா எழுப்பிக்கிட்டே இருக்கும். பன்றி வருவதோ ராத்திரி! எச்.சி-எஸ்.ஆர்.501 என்கிற பி.ஐ.ஆர். சென்சார் போர்டில், வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆர். வைக்க இடம் இருக்கு. அதை ஒட்டினால் பகலில் தூங்கும்.

இன்னொன்று. இந்த சென்சார் பார்ப்பது நம்ம உடம்புச் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான். சித்திரை மத்தியானம் பாளையங்கோட்டையில் சுவரே உடம்புச் சூட்டுக்கு வந்துட்டா, ஆள் கிட்டப் போனாலும் கண்டுக்காது. சென்சார் எட்டும் தூரம் எவ்வளவுன்னு அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ம ஊர் கோடையில் நம்ப முடியாது.

கேட், பைக் மாதிரி தானே ஆடும் பொருளுக்கு, அதிலேயே மாட்டி அசைவை உணரும் ஏ.டி.எக்ஸ்.எல்.362 சிப் இருக்கே, அசைவுக்காகக் காத்திருக்கையில் வெறும் 270 நானோஆம்பியர். அதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே?