சடலம் மிதந்தால் கொலை என்று ஆகிவிடாது

பக்கிங்காம் கால்வாயில் சடலம் மிதந்ததாலேயே அது கொன்று வீசப்பட்டதுதான், அரசியல் புள்ளிக்காக மறைக்கிறார்கள் என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். பின்னால் அரசியல் உண்டா என்பது தனி விசாரணை. ஆனால் மிதப்பதை வைத்துக் கொலை என்று சொல்ல முடியாதுங்க.

மூழ்கி இறந்தவர் உடலும், கொன்று வீசப்பட்ட உடலும் பெரும்பாலும் முதலில் அடியில்தான் போகும். அழுகும்போது வயிற்றிலும் குடலிலும் வாயு சேர்ந்து பிறகு மேலே வரும். சென்னை வெயிலில், அதுவும் சாக்கடை கலந்த தேங்கிய நீரில், ஏறக்குறைய ஒரே நாளில் மிதந்துவிடும். குளிர்ந்த நீரில் பல நாள் ஆகலாம்.

சரிபார்க்க வேண்டிய இடம் பிரேதப் பரிசோதனை அறிக்கை. குடும்பத்தார் அதன் நகலைக் கேட்டு வாங்கலாம். மூழ்கி இறந்ததற்கான அடையாளங்களான, மூக்கிலும் வாயிலும் துடைத்தாலும் திரும்ப வரும் வெண்ணுரை, உப்பிய நுரையீரல், இறுகிய கைக்குள் ஆகாயத்தாமரை வேரோ சேறோ இருந்ததா என்று பாருங்கள். அந்தக் கைப்பிடி, உயிரோடு தண்ணீரில் தத்தளித்ததற்கு வலுவான அடையாளம். ஆனால் உடல் நன்றாக அழுகிவிட்டால் நுரை மிஞ்சியிருக்காது. அப்போது எலும்பு மஜ்ஜையில் டயட்டம் (நீரில் வாழும் நுண்பாசி; உயிரோடு மூழ்கினால் இரத்தம் வழியே மஜ்ஜை வரை போகும்) சோதனை செய்வார்கள். ஒப்பிட அதே இடத்துக் கால்வாய் நீரும் எடுத்திருக்க வேண்டும். பலமுறை கோட்டை விடுவது இங்கேதான். டயட்டம் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் மூழ்கவில்லை என்றும் ஆகாது.

கழுத்தில் நெரித்த தடம், நாவெலும்பு (நாக்கின் அடியில், தொண்டையில் உள்ள சிறு எலும்பு) முறிவு, தலைக்காயம் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கொலையா என்பதற்கு அவைதான் உதவும்.