காலப் பயணத் தொடர்களில் எந்தப் பிழையை மன்னிக்கலாம்?

காலப் பயணத் தொடர்களைப் பற்றி ஏதாவது குறை சொன்னால், “கதையே கற்பனை, அதில் போய் லாஜிக் பார்க்கலாமா?” என்ற பதில் என் சென்னை நண்பர்களிடமிருந்து உடனே வந்துவிடுகிறது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கடந்த காலத்துக்குப் போக ஓர் இயந்திரம் இருக்கிறது என்பதை நான் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறேன். அந்த இயந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்று கதை தானே வகுத்துக்கொண்ட விதியை, அடுத்த சில வாரங்களில் தன் வசதிக்காக அதுவே மீறும்போதுதான் எதிர்க்கிறேன். அதே சமயம், தேதிக் குழப்பத்தையும் விதி மீறலையும் ஒரே குற்றமாக எண்ணித் திட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பரில் தொடங்கிய தொடர். அதில் 1975இல் ஒளிபரப்பான ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ என்ற நான்கு பகுதிக் கதையில், காலப் பயணியான நாயகன் டாக்டருடன் பயணம் செய்யும் சாரா ஜேன் ஸ்மித், தான் 1980ஆம் ஆண்டைச் சேர்ந்தவள் என்கிறார். அப்படியானால் அவரும், யூனிட் என்ற இராணுவ அமைப்பின் தலைவரான பிரிகேடியரும் சேர்ந்து வரும் கதைகள் 1980ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். ஆனால் 1983இல் வந்த ‘மாட்ரின் அன்டெட்’ கதையில், அதே பிரிகேடியர் 1976லேயே ஓய்வு பெற்று, 1977இல் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருக்கிறார். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. ரசிகர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடி வரும் இந்தச் சிக்கலைத் தொடரே ஒப்புக்கொள்வது போல, 2008இல் வந்த ஒரு பகுதியில் டாக்டரே தான் யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தடுமாறுவார்.

இந்தப் பிழை என்னை உறுத்தவே இல்லை. எட்டாண்டு இடைவெளியில் வெவ்வேறு எழுத்தாளர்கள் எழுதியவை அந்தக் கதைகள். 1975இல் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வீட்டில் பதிவு செய்து திரும்பப் பார்க்கும் வசதியும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ கதை மிகக் கடினமான ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது. கதை நடப்பது 1911இல். உலகையே அழிக்கக்கூடிய சூடெக் விடுதலையாகப் போகிறான். அப்போது சாரா, உலகம் 1911இல் அழிந்துவிடவில்லை என்பது நமக்குத்தான் தெரியுமே, நாம் கிளம்பிவிடலாமே என்கிறார். பார்க்கிற ஒவ்வொருவர் மனத்திலும் எழும் கேள்வி அது. டாக்டர் டார்டிஸ் என்ற தன் கால இயந்திரத்தில் அவரை 1980க்கு அழைத்துப்போய்க் கதவைத் திறக்கிறார். வெளியே புயல் வீசும் பாழ்நிலம். சாரா அறிந்த 1980 இருக்க வேண்டுமானால், அவர்கள் 1911க்குத் திரும்பிப் போய்ப் போராடியாக வேண்டும். சிறிய காட்சிதான், ஆனால் அதன் பிறகு கதையில் வரும் ஒவ்வோர் ஆபத்துக்கும் எடை கூடிவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் இடறிய அதே கதை விதியில் இவ்வளவு உறுதியாக நிற்பதால்தான் நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அதீத ஆற்றல் பெற்ற மனிதர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடரான ‘ஹீரோஸ்’ இரண்டாம் சீசனில். அயர்லாந்தில் அறிமுகமான கெய்ட்லின் என்ற பெண்ணோடு, காலத்தைக் கடக்கும் ஆற்றலுள்ள நாயகன் பீட்டர் எதிர்காலத்துக்குப் போகிறான். கொள்ளைநோய் நியூயார்க்கைக் காலி செய்துவிட்ட எதிர்காலம் அது. அவன் மட்டும் நிகழ்காலத்துக்குத் திரும்புகிறான். நோய் பரவாமல் தடுக்கப்படுகிறது, அந்த எதிர்காலமும் இல்லாமல் போகிறது. அங்கே மாட்டிக்கொண்டவள் என்ன ஆனாள் என்பதற்குத் தொடர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. 2007 நவம்பரில் தொடங்கிய ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 11 பகுதிகளோடு நின்றது என்பது எனக்குத் தெரியும், எழுதியவர்களின் நெருக்கடியும் புரிகிறது. ஆனால் அதன் பிறகும் இரண்டு சீசன்கள் வந்தன. நாயகன் தன்னை நம்பி வந்தவளை வேறொரு காலத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறான், கதைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

நம் ஊர்ப் படப்பிடிப்பில் கன்டினியூட்டி என்றால் முந்தைய ஷாட்டில் இருந்த நெற்றிப்பொட்டும் கைக்கடிகாரமும் அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று உதவி இயக்குநர் பார்ப்பது. நெடுந்தொடரில் நடிகர் மாறினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் எழுத்து வரும், நாமும் ஏற்றுக்கொண்டு பார்ப்போம். முகம் மாறுவதைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்கிறார். பாத்திரத்துக்கு நேர்ந்த துயரமே நேராததாகிவிட்டால் எப்படிப் பொறுப்பார்?

இந்தக் கவனம் நமக்குப் புதிதன்று. விஷ்ணு புராணத்தில் ஓர் அரசன், தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை யார் என்று கேட்கப் பிரம்மனின் உலகுக்குப் போகிறான். அங்கே நடந்த கானத்தைக் கேட்டு முடிப்பதற்குள் பூமியில் பல யுகங்கள் கடந்துவிடுகின்றன. திரும்பி வந்தால் மனிதர்கள் உருவத்தில் சிறுத்துப் போயிருக்கிறார்கள், ரேவதியோ பழைய யுகத்தின் உயரத்தில் நிற்கிறாள். பலராமன் தன் கலப்பையின் நுனியால் அவள் உயரத்தைக் குறைத்து, பிறகு மணந்துகொள்கிறான். யுகம் மாறினால் உயரமும் மாறும் என்ற விதியைச் சொன்ன கதைசொல்லி, மணமகளின் உயரத்தை மறக்கவில்லை!

ஜெர்மானியத் தொடரான ‘டார்க்’ 2017 முதல் 2020 வரை மூன்று சீசன்களில் ஏறக்குறைய இந்த அளவு கவனத்தோடு எழுதப்பட்டது. 33 ஆண்டு இடைவெளி என்ற விதியை வைத்து 1953, 1986, 2019 என்று நகர்ந்து, ஒரு பெண்ணும் அவள் மகளும் ஒருவருக்கொருவர் தாயாக இருக்கும் முடிச்சைக்கூடத் தடுமாறாமல் போட்டது. அதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேரழிவு நேரும் கணத்தில் காலம் நின்றுவிடும், அப்போது மட்டும் நடந்ததை மாற்ற முடியும் என்ற விலக்கு மூன்றாம் சீசனில்தான் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. அதை முன்னரே ஊன்றியிருந்தால் முடிவு இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

இங்கே இப்படி எழுதினால் மக்களுக்குப் புரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ படத்தில், சாக வேண்டிய ரவுடி ஒருவன் நாயகர்களின் பயணத்தால் பிழைத்துவிட, நிகழ்காலமே மாறிப்போகிறது. அதைத் தமிழ் ரசிகர்கள் சிரமமின்றிப் பின்தொடர்ந்தார்கள். ஆகவே சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ காலப் பயண வெப் சீரிஸுக்குக் கதை விவாதம் நடக்குமானால், முதல் பகுதியின் வசனம் எழுதும் முன்பே ஒரு கேள்விக்கு விடை எழுதி வைத்துவிடுங்கள்: இயந்திரம் கையில் இருக்கும்போது, நாயகன் ஏன் ஒரு நாள் முன்னதாகவே போய் எல்லாவற்றையும் தடுத்துவிடக் கூடாது?