ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு முதலில் கபடியைக் காட்டுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே இருக்கிற திடலில் கபடிப் போட்டி. அந்தச் சரிவில் சமமாக இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான். நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது, கோடு தெரியாமல் பையன்கள் திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு தூவினார்கள். அப்போது ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து நின்றார்கள். எதிரணி எல்லைக்குள் தனியாக ரெய்டு போகிற பையன் என்னவோ முணுமுணுக்கிறானே, பிரார்த்தனையா என்று கேட்டார்கள்.

கபடி கபடி என்று விடாமல் பாட வேண்டும், பாட்டு நின்றால் ஆள் அவுட், 30 நொடிக்குள் எதிராளியைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்ப வேண்டும், எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது அவர்கள் பக்கம் இருக்கிற போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து, பின்னங்கால் தரையில் படாமல் இருந்தால் ஒரு புள்ளி என்று சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த ரெய்டிலிருந்து இரண்டு பேரும் காலையே பார்த்தார்கள், கடைசி விசில் வரை நகரவில்லை.

கபடியை உலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். 1990 பெய்ஜிங்கிலேயே அது ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டி ஆகிவிட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அரையிறுதியிலும் பெண்கள் இறுதியிலும் ஈரானிடம் தோற்றபோது எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் யோசித்துப் பார்த்தால் நம்மை ஜெயிக்கிற அளவுக்கு இன்னொரு நாடு கற்றுக்கொண்டதுதான் இந்த ஆட்டத்துக்கு நடந்த பெரிய நல்லது. கொரியாவிலிருந்து வந்த ஜாங் குன் லீ புரோ கபடி லீக்கில் நம் ஆட்களுக்குச் சமமாக ரெய்டு போனாரே, அது மாதிரி இன்னும் நூறு பேர் வரட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டிவியில் கபடி காட்டும்போது இசைச் சத்தத்தையும் அலறலையும் குறையுங்கள். ரெய்டரின் மூச்சு காதில் விழ வேண்டும். பிடிபட்டுக் கிடக்கும்போதும் கபடி கபடி என்று இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்குக் கை நீட்டுகிறானே, அந்தக் குரல்தான் கபடி.

மேசைமேல் கோலால் பந்தைத் தள்ளி ஆடுகிற ஸ்னூக்கரைப் பாருங்கள். ஜபல்பூரில் 1875இல் நெவில் சேம்பர்லெய்ன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம், அதன் விதிகளை 1882இல் நம் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார்கள் என்பார்கள். எழுதி வைத்ததால் பார்த்தவன் எடுத்துக்கொண்டு போனான். நாம் இத்தனை தலைமுறையாக ஆடுகிறோம், திடல் ஓரத்தில் ஒரு பலகை வைத்ததில்லை. மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ரயிலையும் சாக்லேட்டையும் டீத்தூளையும் காட்டி அனுப்பிவிடுகிறோம்.

அடுத்த கோடை விழாவில் ஒரு சாயங்காலம் கபடிக்குக் கொடுங்கள், பெண்கள் அணியும் இறங்கட்டும். விதிப் பலகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எங்கள் பையன்களே எழுதித் தருகிறார்கள், பெயிண்ட் செலவும் எங்களுடையது. திடல் மட்டும் கிடைத்தால் போதும்.