நெட்டையருக்கும் பருத்தவருக்கும் ஒரே நாற்காலியா?

என் உயரம் 190 சென்டிமீட்டர். எடை 76 கிலோ. என் அண்ணனின் உயரம் 168 சென்டிமீட்டர். எடை 128 கிலோ. இருவரும் நாள் முழுவதும் கணினியின் முன் உட்கார்ந்து பிழைப்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே சமயத்தில் இருவருக்கும் முதுகு வலிக்கத் தொடங்கியபோது, "உயரமானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் ஏற்றது" என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரே மாதிரியான இரண்டு சுழல் நாற்காலிகளை வாங்கினோம். அண்ணனுக்கு அந்த நாற்காலியை எவ்வளவு தாழ்த்தினாலும் குதிகால் தரையில் பதியவில்லை. எனக்கோ கைப்பிடிகள் இரண்டும் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் விலகி நின்றன. பின்னால் சாயலாம் என்று முதுகை அழுத்தினால் சாய்வு அசையவே இல்லை, ஏனென்றால் அதன் சுருள்வில் என்னைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ளவருக்காக இறுக்கப்பட்டிருந்தது. ஒரே நாற்காலி எங்கள் இருவருக்கும் வெவ்வேறு விதமாகப் பொருந்தாமல் போனது.

அன்றிலிருந்து நான் சொல்லிவருவது இதுதான்: உயரம் என்பது ஒரு தேவை, பருமன் என்பது வேறொரு தேவை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து விற்பது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை. இரண்டும் ஒருங்கே அமைந்தவர்கள் உண்டு, அவர்களுக்கு அந்தப் பெரிய நாற்காலி பொருந்தவும் கூடும். ஆனால் நெட்டையாக இருப்பவர்கள் எல்லாரும் பருத்தவர்கள் அல்லர். பருத்தவர்கள் பலர் நடுத்தர உயரத்துக்காரர்களே. உடல் அளவுகள் ஒன்றோடொன்று கைகோத்து வளர்வதில்லை என்பது புதிய செய்தியும் அன்று. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி அவற்றில் பத்து அளவுகளை மட்டும் எடுத்து, அந்தப் பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி விமானி என்று ஒருவர் இல்லாததைப் போலவே, நாற்காலிக் கடைக்காரர் மனத்தில் வைத்திருக்கும் "பெரிய ஆள்" என்று ஒருவரும் இல்லை.

முதலில் நெட்டையர் பாட்டைச் சொல்கிறேன், அது என் சொந்தப் பாடு என்பதால். எங்களுக்கு முதல் சிக்கல் கால். கடினமான ஒரு பலகையில் உட்கார்ந்து, வழக்கமாக அணியும் செருப்புடன், தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் உட்புறம்வரை அளந்து பாருங்கள். எனக்கு அது 50 சென்டிமீட்டர். இருக்கை அதைவிடத் தாழ்வாக இருந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே எழும்பும், இடுப்பெலும்பு பின்னோக்கி உருளும், கீழ்முதுகு கூன்விழும். அதன்பின் எந்த முதுகுத் தாங்கலும் உதவாது. ஆகவே நாற்காலியின் அதிகபட்ச உயரத்தைக் கேட்டு அறிய வேண்டும். அதிலும் ஆள் உட்கார்ந்த பின் குஷன் அமுங்கி எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையே பார்க்க வேண்டும். விவரத்தாளில் 52 என்று போட்டிருக்கும் உயரம் உட்கார்ந்ததும் 49 ஆகிவிடுவதை நானே அளவுநாடா வைத்துப் பார்த்திருக்கிறேன். உயரத்தை ஏற்றி இறக்கும் அந்தக் குழாயை நாம் எல்லாரும் "ஹைட்ராலிக்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதற்குள் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயுதான் வேலை செய்கிறது. பெரும்பாலான நாற்காலிகளில் இதைக் கழற்றி, நீளம் கூடிய வேறொன்றை மாட்டிக்கொள்ள முடியும். மற்றபடி பொருந்துகிற ஒரு நாற்காலி உயரத்தில் மட்டும் நான்கு விரற்கடை குறைகிறது என்றால், அதைத் தள்ளிவிடுவதற்கு முன் இந்த வழியை விசாரித்துப் பாருங்கள்.

உயரத்துக்கு அடுத்தது இருக்கையின் ஆழம். முதுகைச் சாய்வில் ஒட்டி உட்கார்ந்தால், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நெட்டையருக்குச் சாதாரண நாற்காலியில் ஒரு கையே நுழையும். தொடையில் பாதி அந்தரத்தில் நிற்கும், உடலின் பாரம் முழுவதும் உட்காரும் எலும்புகள் இரண்டின்மேல் இறங்கும். ஆகவே இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி உள்ள நாற்காலியையே நான் தேடுவேன். முதுகுத் தாங்கலின் கதையும் இதேதான். கீழ்முதுகின் வளைவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டிய அந்தப் புடைப்பு, ஒரே இடத்தில் பொருத்தப்பட்டிருந்தால், என்னைப் போன்றவருக்கு இடுப்பெலும்பின்மேல் போய் இடிக்கும். தலைச்சாய்வு என்று விற்கப்படுவது பல நாற்காலிகளில் என் தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. மேலேற்ற முடியாத தலைச்சாய்வு இருப்பதைவிட இல்லாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. அது தலையைத் தாங்குவதில்லை, முதுகை முன்னுக்குத்தான் தள்ளுகிறது.

பருத்தவர்களின் சிக்கல் வேறு வகை. அளவு பொருந்துமா என்பதற்கு முன்பே, தாங்குமா என்ற கேள்வி அவர்களுக்கு வந்துவிடுகிறது. அலுவலக நாற்காலிகளுக்கான ஐரோப்பிய நியமமான ஈஎன் 1335, ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பயன்படுத்துவார், அவருடைய எடை 110 கிலோவுக்கு மிகாது என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் பிஃப்மா எக்ஸ் 5.1 என்ற பொது நியமம் 275 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 125 கிலோ வரை, செல்கிறது. அதற்கு மேற்பட்டவர்களுக்காக எக்ஸ் 5.11 என்று தனியாக ஒரு நியமம் இருக்கிறது; அது 400 பவுண்டு வரை, ஏறத்தாழ 181 கிலோ வரை, உள்ளவர்களுக்கானது. பிஃப்மா சோதனைகளில் நாற்காலியின்மேல் ஓர் எடையை வைத்துவிட்டுப் போய்விடுவதில்லை. எடைப்பையை மேலிருந்து திரும்பத் திரும்ப ஒரு இலட்சம் முறை விழச்செய்கிறார்கள், ஏனென்றால் மனிதர்கள் நாற்காலியில் மெல்ல இறங்குவதில்லை, தொப்பென்று விழுகிறார்கள். எனவே "150 கிலோ தாங்கும்" என்ற வெறும் வாசகத்தைவிட, எந்த நியமத்தின்படி சோதிக்கப்பட்டது என்ற ஒரு வரி எனக்கு முக்கியம். 128 கிலோ எடையுள்ள என் அண்ணன் இரண்டு பொது நியமங்களின் எல்லையையும் தாண்டியவர். அவர் வழக்கமாக உட்கார்ந்துவந்த நாற்காலிகள் ஏன் ஆண்டுக்கொன்று முறிந்தன என்பதற்கு அவருடைய உடலைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். அவை அவருக்காகச் செய்யப்படாதவை என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது.

விற்பனையாளர்கள் இப்போதெல்லாம் "கிளாஸ் 4 சிலிண்டர்" என்பதை ஒரு மந்திரம்போல் சொல்கிறார்கள். அது உயரத்தை ஏற்றி இறக்கும் அந்தக் குழாயின் தரத்தை மட்டுமே குறிக்கும். குழாய் தாங்கினாலும் அதைப் பிடித்திருக்கும் ஐந்து கால் அடிப்பகுதி மெலிந்த நைலானாக இருந்தால் அங்கே விரிசல் விடும். அடிப்பகுதி அலுமினியமாக இருந்தாலும் இருக்கைக்கு அடியிலுள்ள தகடு மெல்லியதாக இருந்தால் அது வளையும். எடை அதிகமுள்ளவர்கள் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடியில் பார்ப்பதற்கு வெட்கப்படக் கூடாது. குஷனும் அப்படியே: தொட்டால் மெத்தென்று இருப்பது நல்ல குஷன் என்று நினைத்து ஏமாறுகிறோம். அடர்த்தி குறைந்த பஞ்சு கனமான உடலுக்குக் கீழே சில மாதங்களில் தட்டையாகி, அடியிலுள்ள பலகை தொடையில் உறுத்தத் தொடங்கும். முதல் நாள் சற்று விறைப்பாகத் தோன்றும் அடர்த்தியான ஃபோம்தான் நாளடைவில் நிற்கும். வலைத்துணி இருக்கை காற்றோட்டமானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் வலையைச் சுற்றியுள்ள சட்டம் கடினமானது என்பதால், பரந்த தொடை உள்ளவர் அந்தச் சட்டத்தின்மேல் உட்கார நேரும். சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வழவழப்பான தரை என்றால் மென்மையான ரப்பர் போன்ற மேற்பரப்புள்ள பெரிய சக்கரம், அவ்வளவுதான்.

தாங்குவது ஒருபுறம் இருக்க, வடிவம் பற்றி யாரும் பேசுவதில்லை. பருத்த உடலில் பின்புறத்தின் தசை முதுகைவிடப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகுச்சாய்வு இருக்கைவரை நேராக இறங்கினால், பின்புறம்தான் முதலில் போய் முட்டும். கீழ்முதுகுக்கும் சாய்வுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். சாய்வின் அடியில் திறப்பாக இடம் விட்டிருக்கும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தபோதுதான், முதுகுத் தாங்கல் என்றால் என்ன என்று தனக்கு முதன்முறையாகத் தெரிந்ததாக அண்ணன் சொன்னார். அடுத்தது வயிறு. தொண்ணூறு பாகைக் கோணத்தில் நிமிர்ந்து உட்கார் என்று எல்லாருக்கும் உபதேசிக்கிறோம். அந்தக் கோணத்தில் தொடையும் வயிறும் ஒன்றையொன்று நெருக்கி, மூச்சு முட்டும் ஒருவரை எப்படி நிமிரச் சொல்வது? 1953ஆம் ஆண்டிலேயே ஜே. ஜே. கீகன் என்ற அமெரிக்க மருத்துவர், எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, தொடைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம் தொண்ணூறாகக் குறுகும்போது கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிறது என்பதையும், கோணம் விரியும்போது அந்த வளைவு மீள்கிறது என்பதையும் காட்டிவிட்டார். அதனால் பருத்தவருக்குச் சற்றே பின்சாய்ந்த நிலையில் வேலை செய்ய இடம்கொடுக்கும் நாற்காலியே சுகம். அதற்குச் சாய்வின் சுருள்வில் வலுவாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் சாய்ந்த மாத்திரத்தில் மல்லாக்கத் தள்ளிவிடும். எழுந்திருக்கும்போது உடலின் எடையில் பெரும்பகுதியைக் கைப்பிடிகளில் ஊன்றுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நான்கு பக்கமும் திரும்புகிற ஆட்டம்காட்டும் கைப்பிடி எனக்கு வசதி, அண்ணனுக்கு ஆபத்து.

பந்தயக் கார் இருக்கையைப் போல் செய்யப்பட்ட கேமிங் நாற்காலிகளைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். இருக்கையின் இருபுறமும் எழும்பி நிற்கும் அந்தச் சிறகுகள், கார் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் பக்கவாட்டில் சரியாமல் இருப்பதற்காக ஏற்பட்டவை. மேசை எந்த வளைவிலும் திரும்புவதில்லை. பருத்தவருடைய தொடையை இரவு பகலாக நெருக்குவதைத் தவிர அவற்றுக்கு அங்கே வேறு வேலை கிடையாது.

சட்டையைப்போல் நாற்காலியையும் அளவு வாரியாகச் செய்யலாம் என்பதை ஒரு நிறுவனம் 1994லேயே செய்து காட்டியது. பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் ஆகிய இருவரும் ஹெர்மன் மில்லர் என்ற அந்த நிறுவனத்துக்காக வடிவமைத்த ஏரான் நாற்காலி ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் வந்தது. அந்த நாற்காலியை நான் சிபாரிசு செய்யவில்லை; அதன் இருக்கை ஆழத்தை நகர்த்த முடியாது என்பது எனக்குக் குறையே. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது: அதன் பி அளவுக்கும் சி அளவுக்கும் எடை வரம்பு ஒன்றே, 350 பவுண்டு. அளவு வேறு, வலு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மற்ற தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் உட்கார்ந்த நிலையில் இருக்கையின் உயரம், அதன் ஆழம், கைப்பிடிகளுக்கு நடுவே உள்ள அகலம், முதுகுத் தாங்கல் ஏறி இறங்கும் தூரம், சோதித்த நியமம் ஆகியவற்றை அச்சிட்டுவிட்டு, "பெரிய ஆள்களுக்கானது" என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும்.

கடையில் உட்கார்ந்து பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா நாற்காலியும் சொகுசுதான்; அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் தொடை எங்கே மரத்துப்போகிறது என்று தெரியும். நான் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கூச்சமில்லாமல் உட்கார்ந்துவிடுவேன். அண்ணனால் அது முடிந்ததில்லை. தம் எடையை வாய்விட்டுச் சொல்லி "இது தாங்குமா" என்று கேட்கும் அந்த ஒரு நொடியைத் தவிர்ப்பதற்காகவே அவர் வருடக்கணக்கில் கையில் கிடைத்ததை வாங்கிவந்திருக்கிறார். உயரத்தைச் சொல்லும்போது என்னை வியந்து பார்க்கிற அதே விற்பனையாளர், எடையைச் சொல்லும்போது அவரை வேறு மாதிரிப் பார்க்கிறார். எடை வரம்பை நாற்காலியிலேயே பெரிதாக எழுதி மாட்டிவைத்தால் அந்தக் கேள்வியையே கேட்க வேண்டியிருக்காது.

இப்போது அண்ணனிடம் இருப்பது தாழ்வான குழாயும், அகன்ற இருக்கையும், அசையாத கைப்பிடிகளும், அலுமினிய அடிப்பகுதியும் கொண்ட நாற்காலி. என்னுடையது ஒடுக்கமான சாதாரண நாற்காலி, நீளமான குழாய் மாட்டியது, இருக்கை முன்னே நகரக்கூடியது. ஆனால் நாற்காலியை எனக்கு வேண்டிய உயரத்துக்கு ஏற்றிய அன்றே வேறொரு தொல்லை தெரியவந்தது. மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகின்றன. கால் சுகமாக ஊன்றியதும் தொடை மேசையின் அடிப்பலகையில் இடித்தது, கைகளைத் தாழ்த்தி விசைப்பலகையைத் தொட மீண்டும் கூன்விழ வேண்டியிருந்தது. மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் ஐந்து சென்டிமீட்டர் தடிமனில் மரக்கட்டைகளைச் செருகிய பிறகுதான் என் முதுகு அடங்கியது. அண்ணன் எப்போதாவது என் மேசையில் உட்கார நேர்ந்தால், கட்டைகளைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தம் இடத்துக்கே போய்விடுகிறார்.