மேல்பாதியை எங்கே வெட்டிப் போட்டீர்கள்?

வழக்கில் விடுதலையான ஒருவரைக் குற்றவாளி போலக் காட்டி ஒருவர் ஸ்கிரீன்ஷாட் போட்டாரே, அந்தப் பஞ்சாயத்தில் தலையிட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு இன்பாக்ஸில் வந்து "நீங்க ஏன் வாயே திறக்கல?" என்றால் என்ன செய்ய?

ஈ-கோர்ட்ஸ், அதாவது கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் இணையதளத்தில், வழக்கு நிலை மேலே இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரும் சட்டப் பிரிவும் அதற்குக் கீழே. நம்ம நீதிமான் மேல்பாதியை வெட்டிவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் போட்டிருக்கிறார். வெட்டுப்பட்டது 'விடுதலை' என்ற வரி. பாவம், போன் திரை சின்னது போல.

விடுதலை ஆனவர் விடுதலை ஆனவர்தான். இதில் என்ன குழப்பம்?

எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். இடத் தகராறில் தம்பி மேல் போட்ட அடிதடி வழக்கு விடுதலையில் முடிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா போனை நீட்டினார். அம்மா மஞ்சப்பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்துக் காட்டினாள். "அதெல்லாம் சரிம்மா, ஆனா நெட்ல இருக்கே" என்றார். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று.

"அவதூறு வழக்கு போட வேண்டியதுதானே?" என்பார்கள். போடலாம். புதிய குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ஸில் பிரிவு 356. ஸ்டேஷனில் எடுக்க மாட்டார்கள், மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்: ஒரு பகுதி நம் கையெழுத்து, இன்னொரு பகுதி நிபுணர் கையெழுத்து, கூடவே ஹாஷ் மதிப்பு (கோப்பின் டிஜிட்டல் கைரேகை மாதிரி). பரப்பினவருக்கு ஒரு விரல் போதுமாம்.

"அப்போ கருத்துச் சுதந்திரம்?" ஐயா, இணையப் பதிவுக்கெல்லாம் ஆளைப் பிடித்த ஐ.டி. சட்டப் பிரிவு 66ஏ-வை 2015-இல் உச்ச நீதிமன்றம் சாகடித்தபோது கைதட்டினவர்களில் நானும் ஒருவன். அவதூறுக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில் என்பதும் எனக்குப் பிடிக்காது. யாரையும் உள்ளே தள்ளச் சொல்லவில்லை.

"கோர்ட் ஆவணத்தை மறைக்கச் சொல்றியா?" இது நியாயமான கேள்வி. விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பெரியவர்கள் முடிவு செய்யட்டும். நான் கேட்பது சின்ன விஷயம்: பெயர் தெரியும் இடத்திலெல்லாம், பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் 'விடுதலை' என்று இருக்கட்டும். எப்படி வெட்டினாலும் கூடவே வரட்டும்.

"சாட்சி பல்டி அடிச்சிருப்பான்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. போய் வேலையைப் பாருங்கள்.

எனக்கு வலிப்பது அது இல்லை. அந்தப் பதிவுக்கு ஹார்ட் விட்டவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். அதில் ஒரு வக்கீல் வேறு. வக்கீல் சார், தினமும் அந்தப் பக்கத்தைத்தானே திறக்கிறீர்கள், மேல்பாதி இல்லாதது உங்கள் கண்ணிலுமா படவில்லை? இதை எழுதும்வரை அந்த ஹார்ட்டை நீங்கள் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.