நட்சத்திர இரவில் ஒரு லாரி

(மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். தோட்டத்துக்குப் போகும் சாலையோரம் செல்வியின் தையல் கடை. துணி வெட்டும் மேசைமேல் ஒரு பிளைவுட் பலகை. செல்வியின் விரலெல்லாம் நீலம். எண்ணெய்ப்பனையான செம்பனையின் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற சின்னையா, தைக்கக் கொடுத்த சிலுவாரை, அதாவது காற்சட்டையை, வாங்க வருகிறார். அது தயாராகியிருக்காது என்று சொல்லத் தேவையில்லை.)

சின்னையா: சிலுவார் எங்கேம்மா?

செல்வி: நாளைக்கு அண்ணே.

சின்னையா: போன வாரம் சொன்ன நாளைக்குத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அது என்ன, வானம் முழுக்கக் கொசுவர்த்திச் சுருள்? டெங்கி விளம்பரமா?

செல்வி: வான்கோ என்ற ஓவியர் அண்ணே! அவருடைய ‘நட்சத்திர இரவு’. 1889 ஜூனில் வரைந்தது. அசல் நியூயார்க் மியூசியத்தில் இருக்கிறது.

சின்னையா: அசல் அங்கே பத்திரமாக இருக்கும்போது நீ ஏன் இங்கே சிரமப்படுகிறாய்?

செல்வி: இது நம்ம ஊர் இரவு. அவர் படத்தில் முன்னால் கருகருவென்று ஒரு சைப்ரஸ் மரம் நிற்கும். நான் செம்பனை வைத்துவிட்டேன். சர்ச் இருந்த இடத்தில் மாரியம்மன் கோயில்.

சின்னையா: பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதற்கு எனக்கு ரோத்தான் அடி.

செல்வி: வான்கோவே அப்படித்தான். மியே என்ற ஓவியரின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் வைத்துக்கொண்டு, தன் வண்ணத்தில் வரைந்திருக்கிறார்.

சின்னையா: அவரை யாரும் அடிக்கவில்லையா? சரி, இந்தப் பெரிய வெள்ளைப் பொட்டு?

செல்வி: விடிவெள்ளி. ஐஸ்கிரீம் குச்சியால் பெயிண்டை அப்பியிருக்கிறேன், மேடு தெரிகிறதா? ஐயோ, தொடாதீர்கள்! விடியும் முன்னால் ஜன்னலில் அதைப் பார்த்ததாக அவர் தம்பிக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

சின்னையா: (விரலைச் சட்டையில் துடைத்தபடி) அந்த நேரத்தில் எழுந்திருக்கிறார் என்றால் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற ஆளாகத்தான் இருக்கும். எங்கம்மா விடிவெள்ளியைப் பார்த்துத்தான் ரப்பர் பால் வெட்டக் கிளம்புவார்.

செல்வி: பெரட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரான்சில் ஒரு மனநல விடுதியில் இருந்தார்.

சின்னையா: பாவம். கீழே இதென்ன, நம்ம தோட்டத்து வரிசை வீடு, லயமா? அதைத்தான் இடித்துவிட்டார்களே! வேலையை மேற்பார்த்த மண்டோர் வீடு இருந்த இடத்தில் இப்போது லாலாங் புல்.

செல்வி: அதனால் என்ன? அவர் ஜன்னலிலிருந்து மலையும் வானமும்தான் தெரியும், அந்தக் கிராமம் தெரியாது. அவராகச் சேர்த்துக்கொண்டார்.

சின்னையா: (நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து) அப்போ இல்லாததை வைக்கலாம்.

செல்வி: தாராளமாக.

சின்னையா: என் லாரியை வை. கோயில் பக்கத்தில். குலை நிறைய இருக்கட்டும்.

செல்வி: இடம் எங்கே அண்ணே?

சின்னையா: சுருளில் ஒன்றைக் குறை.

செல்வி: வான்கோவின் சுருளையா!

சின்னையா: சிலுவாரை அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன்.

செல்வி: (தூரிகையை எடுத்து) என்ன நிறம்?

சின்னையா: நீலம்.

செல்வி: நீல இரவில் நீல லாரி எப்படித் தெரியும்? மஞ்சள் போடுகிறேன்.

சின்னையா: கம்பெனி லாரிம்மா! நிறம் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயில் போய் எழுத வேண்டும்.

செல்வி: சரி, நீலமே இருக்கட்டும். முன்னால் லைட் இரண்டும் மஞ்சளாய் எரியட்டும், அப்புறம் தெரியும்.

சின்னையா: ஒன்றுதான் எரியும். இடது பக்கம்.

செல்வி: அண்ணே, படம்தானே!

சின்னையா: இரண்டும் எரிந்தால் அது வேறு யாருடைய லாரியோ.